அரை டன் பிக்கப்பும் பனித்தகடும்: ஒரு மதிப்பீடு

இலகுரக பிக்கப் டிரக்கின் முன்னால் பனி தள்ளும் தகட்டைப் பூட்டலாமா என்று கேட்டால் வட அமெரிக்காவில் இரண்டு ஆயத்தப் பதில்கள் கிடைக்கும். முக்கால் டன் வண்டிக்குக் கீழே இறங்கவே கூடாது என்பது ஒன்று. பல குளிர்காலங்களாக என் அரை டன் வண்டியால்தான் தள்ளுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பது மற்றொன்று. முதலாவது தொழில்காரர்களின் அனுபவச் சுருக்கம். அதில் உண்மை நிறைய உண்டு, காரணம் சொல்லப்படுவதில்லை. இரண்டாவது உரிமையாளரின் சாட்சியம். அதில் நேர்மை உண்டு, அளவுகோல் இல்லை. தாங்கிய வண்டிக்காரர் பேசுகிறார். தாங்காத வண்டிக்காரர் விற்றுவிட்டுப் போய்விடுகிறார். தாங்கிய வண்டியிலும் மூன்றாம் ஆண்டில் மாற்றிய பால் ஜாயின்ட், வீல் பேரிங் செலவு பனிக்கணக்கில் எழுதப்படுவதில்லை. எனவே இரண்டு பதில்களையும் மதித்து ஓரமாக வைத்துவிட்டு, வண்டியிலிருந்தே தொடங்குவதுதான் முறை.

மதிப்பீட்டுக்கு உரிய பொருள், மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்கு உட்பட்ட பிக்கப்: ஃபோர்ட் எஃப்-150, செவ்ரொலே சில்வராடோ 1500, ராம் 1500 வகையறா. வேலை, வீட்டு டிரைவ்வேக்களிலும் சிறிய வாகன நிறுத்துமிடங்களிலும் பனி தள்ளுவது. நெடுஞ்சாலை இங்கே பேச்சில்லை. அரை டன் என்பது பழைய வழக்கு. இன்று இவற்றில் பல 1,500 பவுண்டு, அதாவது முக்கால் டன், சுமக்கின்றன. இந்த எண்தான் பலரை ஏமாற்றுகிறது. பனித்தகடு பின்பெட்டியில் ஏற்றும் சுமை அன்று.

விளம்பரங்கள் முன்னிறுத்தும் குதிரைத்திறனை முதலிலேயே கழித்துவிடலாம். பனித் தரையில் நல்ல குளிர்கால டயர்கள், தம்மேல் அழுத்தும் எடையில் நான்கில் ஒரு பங்கைத் தள்ளுவிசையாக மாற்றினாலே திருப்திகரம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் 6,000 பவுண்டு வண்டிக்கு அது 1,500 பவுண்டு விசை. அந்த விசையோடு மணிக்கு 10 மைல் வேகத்தில் தள்ளத் தேவைப்படுவது 40 குதிரைத்திறன். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் சக்கரம் சுழலும், பனி நகராது. முந்நூறுக்கும் நானூறுக்கும் உள்ள வேறுபாடு வெயில்கால நெடுஞ்சாலைக்கு உரியது. இங்கே தள்ளுவது எடையும் டயரும்தான். நான்கு சக்கர இயக்கமும் குளிர்கால டயரும் இல்லாத வண்டியை இந்த விவாதத்துக்குள் கொண்டுவரவே தேவையில்லை.

உண்மையான கேள்வி முன் அச்சில் இருக்கிறது. தகடு வண்டிக்கு வெளியே, முன் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டு தொங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். அரை டன் வண்டிக்கென்றே செய்த தகடும் அதன் பூட்டுச் சட்டமும் சேர்ந்து 500 பவுண்டு, அதன் எடைமையம் முன் அச்சுக்கு நாலரை அடி முன்னால், இரண்டு அச்சுகளுக்கும் இடையே 12 அடி என்று வைத்துக்கொண்டால், தகட்டைத் தூக்கும்போது முன் அச்சில் ஏறும் பாரம் 500 அன்று; ஏறத்தாழ 690. பின் அச்சிலிருந்து 190 பவுண்டு கழன்றுவிடுகிறது. நெம்புகோல் விதி தரும் முதல் அதிர்ச்சி இது: பாரம் தாங்கும் முனையில் சுமை கூடுகிறது, பிடிப்பு வேண்டிய முனையில் அழுத்தம் குறைகிறது.

மேலே போவோம். 5,000 பவுண்டு எடையுள்ள நான்கு கதவு வண்டியில் முன் அச்சு ஏற்கெனவே சுமார் 2,900 சுமக்கிறது. ஓட்டுநரும் உடன் வருபவரும் ஒரு 200 சேர்ப்பார்கள். தகட்டோடு 3,790. இத்தகைய வண்டிகளின் முன் அச்சு வரம்பு பொதுவாக 3,500 முதல் 4,000 பவுண்டு வரை. ஆக, சில வண்டிகளில் தூக்கிய தகடே வரம்பைக் கடந்துவிட்டது. சிலவற்றில் சொற்ப இடம் மிச்சம். பின் அச்சுக்கும் பின்னால் நாலடி தள்ளி 300 பவுண்டு எதிர்எடை வைத்தால் முன் அச்சில் 100 பவுண்டு குறையும், பின் அச்சில் 400 கூடும். எதிர்எடை இந்த அமைப்பின் உறுப்பு, விருப்பத் துணைப்பொருள் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பெட்டியின் நடுவில் மணல் மூட்டையைப் போட்டுவிட்டு எதிர்எடை வைத்ததாக நினைப்பவர்கள், வண்டியின் மொத்தச் சுமையைக் கூட்டினார்களே தவிர முன் அச்சுக்கு உதவவில்லை.

அந்த மொத்தச் சுமையையும் பார்க்க வேண்டும். தகடு 500, எதிர்எடை 300, ஆட்கள் 400. வண்டியின் 1,500 பவுண்டுத் திறனில் எஞ்சுவது 300. ஐம்பது பவுண்டு உப்பு மூட்டை ஆறு ஏற்றலாம். உப்புத் தூவும் கருவிக்கு இடமில்லை. பனி தள்ளுவதோடு உப்பும் போட வேண்டிய வணிக ஒப்பந்தம் எதுவும் இந்த எண்ணிலேயே உடைந்துபோகிறது.

இங்கே அடிக்கடி எழும் ஒரு வாதத்தைத் திருத்த வேண்டும். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டி பனிக்கு ஆகாது, திட அச்சுதான் வேண்டும் என்பார்கள். ஃபோர்ட், ராம் நிறுவனங்களின் கனரக பிக்கப்புகளில் திட முன் அச்சு இருப்பது இந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸின் 2500, 3500 கனரக வண்டிகள் டார்ஷன் பார் கொண்ட தனி சஸ்பென்ஷனோடுதான் பல ஆண்டுகளாகப் பனி தள்ளி வருகின்றன. ஆகவே குறை வடிவத்தில் இல்லை, வரம்பில் இருக்கிறது. முன் அச்சுக்கு 5,000 பவுண்டை ஒட்டியும் அதைத் தாண்டியும் அனுமதிக்கும் வண்டி எந்த வடிவத்தில் இருந்தாலும் தாங்கும். 3,700-இல் நிற்கும் வண்டி எந்த வடிவத்தில் இருந்தாலும் தடுமாறும். கனரக வண்டியிலும் டீசல் இன்ஜின் வைத்தால் அதன் எடை முன் அச்சின் இடத்தை விழுங்கிவிடுகிறது. பனிக்கு வாங்குபவர்கள் பலர் பெட்ரோல் வி8 தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுவே. பெரிய வண்டி என்பதாலேயே பொருத்தம் வந்துவிடுவதில்லை.

வாகன நிறுவனங்களின் நிலைப்பாடு இன்னொரு சான்று. சில்வராடோ 1500-இன் சில அமைப்புகளுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் வி.ஒய்.யு என்ற குறியீட்டில் பனித்தகட்டு ஆயத்தத் தொகுப்பை வழங்கியது. எஃப்-150-க்கு ஃபோர்ட் 2015 மாடலில் அதுபோன்ற தொகுப்பைத் தந்தபோது 5.0 லிட்டர் வி8 இன்ஜினோடு மட்டுமே தந்தது. டர்போ இன்ஜினை விலக்கியதன் காரணத்தை ஊகிப்பது கடினமில்லை: அதன் இன்டர்கூலர் முன்பக்கம் தாழ்வாக இருந்து காற்றைக் கேட்கிறது, தூக்கிய தகடு அந்தக் காற்றைத்தான் மறைக்கிறது. இத்தகைய தொகுப்பில் பொதுவாகக் கிடைப்பவை வலுவான முன் ஸ்பிரிங், பெரிய ஆல்டர்னேட்டர், கூடுதல் குளிர்விப்பு, அடிப்பாகக் காப்புத் தகடு, மின்இணைப்பு ஆகியவை. ஆல்டர்னேட்டரை அற்பமாக எண்ண வேண்டாம். தகட்டைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு தூக்கலிலும் நூறு ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். ஹீட்டர், விளக்குகள், கண்ணாடி வைப்பர் எல்லாம் ஓடும் இரவில் பாட்டரி அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டிக் களைத்துப்போகிறது.

தொகுப்பு இல்லாத வண்டிக்குப் பின்னால் பொருத்தும் வைத்தியங்களையும் எடைபோட வேண்டும். டிம்பிரென் போன்ற ரப்பர் துணைஸ்பிரிங்குகள் முன்பக்கம் தாழ்வதைத் திறம்படத் தடுக்கின்றன. டயரின் உள்விளிம்பு தேய்வது குறைகிறது, வண்டி நிமிர்ந்து நிற்கிறது. அது மெய்யான பயன். ஆனால் அவை அச்சின் வரம்பை ஒரு பவுண்டுகூட உயர்த்துவதில்லை. பேரிங், பால் ஜாயின்ட், டை ராடு முனை எல்லாம் முன்பு சுமந்ததையே சுமக்கின்றன. தாழ்வு என்ற அறிகுறியைத் துணைஸ்பிரிங் நீக்கிவிடுவதால், வரம்பு மீறல் கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஆபத்தும் உடன் வருகிறது.

தகடு செய்பவர்களின் பங்கைப் பாராட்ட வேண்டும். ஃபிஷர், வெஸ்டர்ன், பாஸ் நிறுவனங்கள் அரை டன் வண்டிக்கென்றே எடை குறைந்த தகடுகளை வடிவமைத்தன. முக்கால் டன் வண்டியின் நேர்த்தகடு 700, 800 பவுண்டு இருக்கும். வி-வடிவத் தகடு அதையும் தாண்டும். அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு எடையில், ஏழு அல்லது ஏழரை அடி அகலத்தில், முழு ஹைட்ராலிக் இயக்கத்தோடு ஒரு தகட்டைத் தருவது பொறியியல் சாதனைதான். எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று அச்சு வரம்பை வைத்துச் சொல்லும் பட்டியல்களையும் அவர்களே வெளியிடுகிறார்கள். பொருந்தாத வண்டிக்குப் பொருந்தாது என்றே சொல்கிறார்கள். விற்கும் தரப்பிலிருந்து வரும் இந்தக் கண்டிப்பு மதிக்கத்தக்கது.

அந்தச் சாதனைக்கு விலையும் உண்டு. நேராக வைத்த தகடு பனியை முன்னே குவிக்கும். ஓரம் ஒதுக்க வேண்டுமானால் சாய்க்க வேண்டும். ஏழடித் தகட்டை 30 பாகை சாய்த்தால் அது துடைக்கும் அகலம் ஆறடிதான். முழு அளவு பிக்கப்பின் சக்கரங்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே ஆறரை அடியை நெருங்கும். வண்டி தான் துடைக்காத பனியின் மேலேயே ஏறி, அதை நசுக்கி, தரையோடு ஒட்டவைத்துவிட்டுப் போகிறது. அடுத்த சுற்றில் தகடு அதைப் பெயர்ப்பதில்லை. எடைக்காகக் குறுகிய தகட்டைத் தேர்ந்தால் வேலையின் தரம் கெடுகிறது. தரத்துக்காக ஏழரை அடி தேர்ந்தால் முன் அச்சின் கணக்கு இறுகுகிறது. அரை டன் வண்டியில் இந்த இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். என் தேர்வு ஏழரை அடி.

எடைக் குறைவின் இன்னொரு விளைவு பின்னிழுப்பில் தெரியும். கராஜ் கதவுக்கு முன்னால் கிடக்கும் பனியை முன்னோக்கித் தள்ள இடமில்லை. தகட்டைக் கதவருகே இறக்கி, ரிவர்ஸில் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். கனமான தகடு தன் எடையால் தரையைச் சுரண்டும். இலேசான தகடு இறுகிய பனிமேல் மிதக்கிறது. கீழ்நோக்கி அழுத்தும் ஹைட்ராலிக் வசதி உள்ள தகடுகள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கின்றன. அந்த அழுத்தத்துக்கான எடையை வண்டியின் முன்பக்கத்திலிருந்து கடன் வாங்குவதால் ஸ்டியரிங் பிடிப்பு சற்றுத் தளரும். வீட்டு டிரைவ்வேக்கு வாங்குபவர் அகலத்துக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது இந்த வசதியை.

பனியும் ஒரே பொருளன்று. இருபது மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட டிரைவ்வேயில் 15 சென்டிமீட்டர் புதுப்பனி கிடந்தால், கன மீட்டருக்கு 100 கிலோ என்று கொண்டால், 1,800 கிலோ. அதே ஆழம் ஈரப்பனியாக 250 கிலோ அடர்த்தியில் விழுந்தால் 4,500 கிலோ. முதலாவதை அரை டன் வண்டி சிரமமின்றி ஒதுக்கும். இரண்டாவதை ஒதுக்கும், பல தடவையாக, பாதித் தகட்டு அகலத்தில். நகராட்சி வண்டி சாலையைத் தள்ளிப்போகும்போது வாசலில் விட்டுச்செல்லும் கட்டிப்பனிக் கரை அதைவிடக் கடுமை. வேகமெடுத்து மோதி உடைக்கலாம் என்ற ஆசை அங்கேதான் வருகிறது. மறைந்திருக்கும் கல்விளிம்பில் இடித்தால் தகடு மடங்கி, அதன் ஸ்பிரிங் அதிர்ச்சியைக் குறைக்கும். உறைந்த கரையில் மோதினால் அந்தக் காப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மீதி அதிர்ச்சி வண்டியின் சட்டத்துக்குப் போகிறது.

பருவம் முற்றும்போது இந்தக் குறை பெருகும். டிசம்பரில் ஒதுக்கிய குவியல்கள் பிப்ரவரியில் கல்லாகின்றன. கனரக வண்டி அவற்றைப் பின்னுக்குத் தள்ளி இடம் உண்டாக்கும். அரை டன் வண்டி அவற்றின் முன்னால் நின்றுவிடும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் டிரைவ்வே ஒரு சாண் குறுகும். முதல் பனியிலேயே குவியலை எல்லைக்கு அப்பால் தள்ளிவைக்கும் ஒழுங்கு இருந்தால் இதைத் தவிர்க்கலாம். அந்த ஒழுங்கு ஓட்டுநரின் தகுதி, அதை வண்டியின் கணக்கில் சேர்க்க முடியாது.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு டிரைவ்வேக்குப் பத்து முறை முன்னும் பின்னும் என்றால், ஓர் இரவில் இருபது வீடு தள்ளுபவர் கியரை முன்னும் பின்னுமாக நானூறு முறை மாற்றுகிறார். ஒவ்வொரு மாற்றமும், ஒவ்வொரு மெதுவான தள்ளலும் டார்க் கன்வர்ட்டரில் சூடாகிறது. தன் வீட்டை மட்டும் தள்ளுபவரின் டிரான்ஸ்மிஷன் அடுத்த பனிவரை ஆறிக்கொண்டிருக்கும். உடைமைக்கும் வணிகத்துக்கும் உள்ள கோடு இங்கே தெளிவாக விழுகிறது: வண்டி ஒன்றே, தள்ளும் பனியும் ஒன்றே, ஓய்வு மட்டும் வேறு. புதிய வண்டிகளில் முன் ரேடாரையும் கேமராவையும் தகடு மறைப்பதால் தானியங்கி பிரேக், வேகக் கட்டுப்பாடு போன்ற வசதிகள் தவறாக இயங்கலாம் அல்லது நின்றுவிடலாம். வாங்கும் முன் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும்.

இடமும் தீர்ப்பை மாற்றும். ஆண்டுக்கு 120 அங்குலத்துக்கு மேல் பனி பொழியும் சிராக்யூஸ், ஏரிக்காற்று ஒரே இடத்தில் நாள்கணக்கில் கொட்டும் பஃபலோவின் தென்புறம் ஆகியவை அரை டன் வண்டிக்கு உரிய களமல்ல. 2022 நவம்பரில் ஆர்ச்சர்ட் பார்க்கில் நான்கு நாளில் ஏறத்தாழ 80 அங்குலம் விழுந்தபோது பயன்பட்டவை லோடர்களும் பெரிய புளோவர்களும். டொரண்டோவின் குளிர்காலம் அளவில் மிதமானது. அரை டன் வண்டியின் திறனுக்குள் அடங்குவது. ஆனால் ஸ்காபரோவிலோ பிரம்டனிலோ நம்மவர் பலர் வசிக்கும் வீடுகளில் இரண்டு கார் நிற்கும் குட்டி டிரைவ்வே, ஒரு முனையில் கராஜ், மறுமுனையில் சாலை. சாலையில் பனியைத் தள்ளுவது குற்றம். அங்கே பிக்கப்பின் தகட்டுக்குத் தள்ள இடமே இல்லை. பின்னால் நடந்து இயக்கும் இரண்டு கட்ட ஸ்னோ புளோவர் விலையிலும் வேலையிலும் மேலானது. கியூபெக்கிலும் ஒட்டாவாவிலும் வீட்டு ஒப்பந்தக்காரர்கள் டிராக்டரின் பின்னால் தலைகீழ் புளோவர் பூட்டி, ரிவர்ஸில் கராஜ்வரை போய், பனியை இழுத்துவந்து தோட்டத்தில் வீசுகிறார்கள். பின்னிழுப்பு, குவியல், இடம் என்ற மூன்று சிக்கலையும் ஒரே அசைவில் தீர்க்கும் அந்த முறையோடு ஒப்பிட்டால், பிக்கப் எதுவாயினும் இரண்டாம் இடம்தான்.

அப்படியானால் அரை டன் வண்டிக்கு எங்கே இடம்? ஊருக்கு வெளியே, நூறு மீட்டரோ அதற்கு மேலோ நீளும் தன் சொந்தப் பாதையைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியவரிடம். அவருக்கு பிக்கப் எப்படியும் வேண்டும்; ஆண்டில் பத்து மாதம் அதில் குடும்பம் போகும், விறகு வரும், படகு இழுபடும். கனரக வண்டியின் விறைப்பையும் எரிபொருள் செலவையும் அந்தப் பத்து மாதமும் சுமப்பது நியாயமில்லை. ஒற்றைக் கேபின் அல்லது இடைக் கேபின், இயற்கையாகக் காற்றிழுக்கும் வி8, தொழிற்சாலையிலேயே வந்த ஆயத்தத் தொகுப்பு, அரை டன்னுக்கென்றே செய்த தகடு, பின் அச்சுக்குப் பின்னால் எதிர்எடை, குளிர்கால டயர், மணிக்குப் பத்து மைலுக்கு மிகாத வேகம். இத்தனையும் சேர்ந்தால் அது பொருத்தமான கருவி. அதை அரைகுறைச் சமாளிப்பு என்று கூறுவது நேர்மையான மதிப்பீடாகாது.

அதே பெயர்ப்பலகையைத் தாங்கிய நான்கு கதவு, கண்ணாடிக் கூரை, 22 அங்குலச் சக்கர சொகுசு வண்டி, தொகுப்பு இல்லாமல், பொருத்தமற்றது. அதன் எடை முன் அச்சின் இடத்தை முன்பே தின்றுவிட்டது. பணத்துக்குப் பனி தள்ளும் வணிகத்துக்கு எந்த அரை டன்னும் பொருத்தமற்றது; முதல் ஆண்டின் சேமிப்பை மூன்றாம் ஆண்டின் பட்டறை வாங்கிக்கொள்ளும். தன் வீட்டோடு பக்கத்து முதியவர்கள் இரண்டு மூன்று பேரின் வாசலைத் தள்ளுவதை வணிகம் என்று நான் கருதவில்லை.

முடிவெடுக்கும் முன் ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். முன் அச்சு வரம்பும் சுமைத்திறனும் அங்கே அச்சிட்டிருக்கும். தகட்டைப் பூட்டித் தூக்கியபடி, எதிர்எடையோடும் ஆட்களோடும், அச்சுவாரியாக எடைபோடும் ஒரு டிரக் நிறுத்தத் தராசில் வண்டியை நிறுத்துங்கள். பழைய அரை டன் வண்டியை வாங்கப் போகிறவர் முன்பக்கச் சட்டத்தின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டுச் சட்டம் இருந்த துளைகளும் வெல்டிங் தடமும் தெரிந்தால், முன் அச்சின் பாகங்களை மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.